பத்துக்குப் பத்து

அத்தியாயம் 14

கணக்கு சாரைப் பற்றிப் போன வாரம் இரண்டு நல்ல வார்த்தை எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை பேர் என் மேல் பாய்வீர்கள் என்று நினைக்கவில்லை. 'அந்த மனுஷனுக்கு ஏன் இப்படிப் பரிந்துகொண்டு வருகிறீர்கள்?' என்று ஒரு வாசகி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். சரியம்மா, இந்த வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. படித்துவிட்டு நீங்களே அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கணக்கு சாரும் அவர் மனைவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். இருவருமே கணக்குதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர் சங்கம் ஒரு பெரிய கூட்டம் போட்டது. சங்கச் செயலாளர் சார். பேச வேண்டியவரும் அவர்தான். பார்த்துப் பார்த்து நாலு பக்கம் எழுதியும் வைத்திருந்தார்.

அன்று காலை பார்த்தா தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும்? வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தாள்களை மனைவியிடம் நீட்டி, 'நீ படிச்சுடு' என்று சைகை காட்டினார். டீச்சரும் மேடையேறிப் படித்தாள். இரண்டாம் பக்கம் பாதியில் என்ன தோன்றியதோ, தாளை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டு மனசில் பட்டதைப் பேச ஆரம்பித்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். கதவைத் திறந்தது சார். 'டீச்சர் இருக்காங்களா?' என்று கேட்டார்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். டீச்சர் இரண்டு தடவை எம்.எல்.ஏ. மூன்று வாரமாகக் கல்வி அமைச்சர். சார் அதே பள்ளிக்கூடம், அதே ஒன்பதாம் வகுப்பு, அதே சிவப்புப் பேனா.

அந்தச் சிவப்புப் பேனாவுக்கு ஒரு வேலை மட்டும் கூடியிருந்தது. டீச்சர் எங்கே பேசினாலும், எழுதி வைத்ததைச் சாரிடம் காட்டாமல் கிளம்பமாட்டாள். அவர் படிப்பார், வட்டம் போடுவார், ஓரத்தில் குறிப்பு எழுதுவார், கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுப் பத்துக்கு மார்க் போடுவார். ஒன்பது போடுவார். மிஞ்சிப்போனால் ஒன்பதரை. பத்து போட்டதே கிடையாது. கேட்டால், "பத்து போட்டா அப்புறம் படிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்பார்.

இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலை ஏழரை மணி. சாப்பாட்டு மேஜையில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் நோட்டுகள் குவிந்து கிடந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகை, டீச்சரின் பேட்டி வந்த பக்கம் மேலே தெரியும்படி மடிக்கப்பட்டிருந்தது. மகள்தான் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தாள். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவள். வேலை கிடைக்கிறவரை அம்மாவுக்கு விசிறியாக இருப்பதுதான் வேலை.

"அப்பா, அம்மா போட்டோ எப்படி வந்திருக்கு பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். என் முழங்கையும் நல்லா வந்திருக்கு."

பொய்யில்லை. போட்டோ எடுத்தபோது சார் டீச்சருக்கு இடதுபக்கம் நின்றிருந்தார். அச்சில் வந்தபோது அவரை வெட்டிவிட்டார்கள். கைக்கடிகாரம் கட்டிய கையின் முழங்கை மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலதுபக்கம் நின்ற பென்டிரைவ் மட்டும் தலையிலிருந்து செருப்புவரை முழுசாக இருந்தான்.

பென்டிரைவ் யார் என்று கேட்பீர்கள். அமைச்சரின் உதவியாளன். முப்பது வயசு. கழுத்தில் எப்போதும் ஒரு பென்டிரைவ் கயிற்றில் தொங்கும். சாரைத் தவிர எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அவன் ஒருநாள் பணிவாக, "சார், உங்க நம்பர் குடுங்க, போன்ல ஏத்திக்கறேன்" என்று கேட்டான். "எதுக்குத் தம்பி, வேணும்னா எங்க வீட்டம்மாவைக் கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர் இவர். அவன் நம்பரையும் வாங்கவில்லை.

போட்டோவைக்கூடச் சார் விழுங்கியிருப்பார். பேட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு வரிதான் நெஞ்சில் நின்றுகொண்டது. 'என் பேச்சை யாரும் எழுதித் தருவதில்லை. மனசில் படுவதைத்தான் பேசுகிறேன்.'

யாரும் எழுதித் தருவதில்லையாம். அந்த முதல் நாலு பக்கம் வானத்திலிருந்து விழுந்ததா? பன்னிரண்டு வருஷமாக வட்டம் போட்ட கை யாருடையதாம்? சார் அந்த வரியை மூன்று தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் வயிறு கொஞ்சம் அதிகமாக எரிந்தது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் தாள்களோடு வந்தாள். நோட்டுக் குவியலை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்குச் சட்டசபையில என்னோட முதல் பதில். கொஞ்சம் பாத்துடுங்க. வண்டி வந்துடும்."

"இப்ப எதுக்குங்க அமைச்சரம்மா இதெல்லாம்? மனசுல படுறதைத்தானே பேசுறீங்க?"

முன்பெல்லாம் அவளை வீட்டிலும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் ஒரு கொஞ்சல் இருக்கும். மூன்று வாரமாக 'அமைச்சரம்மா'. டீச்சர் அதைக் காதில் வாங்காதவள்போல நின்றாள்.

"மூணாம் பக்கம் மட்டும் கையால எழுதியிருக்கேன். நேத்து சாயங்காலம்தான் புள்ளிவிவரம் வந்துச்சு."

"ஏன், பென்டிரைவுக்கு டைப் அடிக்க நேரமில்லையா?"

"அவருக்கு ஆயிரம் வேலை."

"ஆமாமா. எனக்குத்தானே வேலை வெட்டி இல்லை."

டீச்சர் புடவையைச் சரிசெய்யக் கண்ணாடி முன்னால் போனாள். சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முதல் இரண்டு பக்கமும் அச்சடித்தவை. மூன்றாம் பக்கம் டீச்சரின் கையெழுத்து. ஓராசிரியர் பள்ளிகள், அதாவது எல்லா வகுப்பையும் ஒரே ஆசிரியர் கட்டி மேய்க்கிற பள்ளிகள், மாநிலத்தில் எத்தனை என்ற கேள்விக்கு விடை. மலைப்பகுதியில் 612. கடலோரத்தில் 540. சமவெளியில் 594. ஆக மொத்தம் 1,846.

சாரின் கண் அங்கேயே நின்றது.

முப்பது வருஷமாகக் கூட்டிக் கூட்டிப் பழகிய தலை. அது கேட்காமலே கூட்டிவிடும். 1,746. கீழேயிருந்து மேலே மறுபடி கூட்டினார். 1,746 தான். கையிலிருந்த ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறாள். நூறு பள்ளிக்கூடம் அதிகம்.

அடுத்த நிமிஷம் அவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். ஆமாம், மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர்க்கட்சியில் ஒரு வக்கீல் இருக்கிறார். சபைக்குக் கால்குலேட்டரோடுதான் வருவார். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் தட்டிப் பார்த்துவிடுவார். 'கணக்கு டீச்சருக்கே கூட்டத் தெரியலையே!' என்று அவர் எழுந்து நிற்பதும், சபை சிரிப்பதும் சாரின் கண்ணுக்குத் தெரிந்தது. பேசட்டும். மனசில் பட்டதைப் பேசட்டும்.

பேனா மூன்றாம் பக்கத்தின் மேல் ஒரு வட்டம் போடும் தூரத்தில் நின்றது. பிறகு அங்கிருந்து நகர்ந்தது.

மீதிப் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். பக்கத்தில் 10/10 என்று எழுதினார். கையெழுத்து அழகாக வந்தது.

டீச்சர் தாள்களை வாங்கிப் பார்த்தாள். "பத்தா?"

"அமைச்சராச்சே. இன்னும் ஒன்பதரை போட்டா நல்லாவா இருக்கும்?"

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ கேட்க வந்ததுபோல வாய் லேசாகத் திறந்தது. வாசலில் ஹாரன் அடித்தது. "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பென்டிரைவ் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் அன்று ஒரே அமர்க்களம். தலைமையாசிரியர் மூன்றாம் பீரியடை ரத்து செய்துவிட்டு மாடி ஹாலில் டிவி வைக்கச் சொல்லியிருந்தார். நம் பள்ளிக்கூடத்து டீச்சர் அமைச்சராக முதல் தடவை சபையில் பேசுகிறார், அதை எல்லோரும் பார்க்க வேண்டாமா? பதினொரு மணிக்கு நேரடி ஒளிபரப்பு.

"சார், இன்னைக்கு நீங்கதான் எங்களுக்கு வி.ஐ.பி. முன்வரிசை நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார் பி.டி. மாஸ்டர்.

"என்ன சார், முகமே சரியில்லை? வீட்டம்மாவை நினைச்சு டென்ஷனா?" என்றாள் அறிவியல் டீச்சர்.

"எனக்கென்ன டென்ஷன்? பேசப்போறது அவங்க."

சொல்லிவிட்டு ஆசிரியர் அறையின் மூலையில் நோட்டுகளைத் திறந்து உட்கார்ந்தார். மணி பத்தேகால். மனசுக்குள் இன்னும் அந்த வக்கீல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சபை சிரித்துக்கொண்டிருந்தது. சாருக்கு அது அலுக்கவில்லை.

முதல் நோட்டு. இரண்டாவது. ஏழாவது நோட்டு ஒரு வாலுப் பிள்ளையுடையது. சாருக்குக் கோணல் பட்டப்பெயர் வைத்ததே அந்தப் பிள்ளைதான். அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சராசரி காண மூன்று எண்களைக் கூட்டுகிற கணக்கு. கையிலிருந்த ஒன்றை இரண்டு தடவை சேர்த்திருந்தது. சாரின் கை தானாக வட்டம் போட்டது. தானாகப் பக்கத்தில் 'கவனம்' என்று எழுதியது.

எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தார்.

முப்பது வருஷம். எத்தனை ஆயிரம் நோட்டு. எரிச்சலில் திருத்தியிருக்கிறார், காய்ச்சலில் திருத்தியிருக்கிறார், தூங்கி வழிந்துகொண்டு திருத்தியிருக்கிறார். தப்பு என்று தெரிந்தே ஒரு நாளும் டிக் போட்டதில்லை. பிடிக்காத பிள்ளைக்கும் வட்டம் போட்டவர், பெண்டாட்டிக்கு டிக் போட்டிருக்கிறார்.

மணி பத்து இருபத்தைந்து.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் நின்றார். டீச்சருக்குப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி போட்டார். ஏழு தடவை போட்டார். அமைச்சர்கள் சபைக்குள் போகும்போது போனை அணைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போட்டார். நேரில் ஓடலாம் என்றால், ஆட்டோ பிடித்தாலும் ஒரு மணி நேரமாகும்.

இனி ஒரே வழிதான். அந்த வழியை நினைத்தபோதே முகம் கோணியது. மகளுக்குப் போட்டார்.

"குட்டி, அந்த பென்டிரைவ் நம்பர் குடு."

"அவர் நம்பரா? உங்களுக்கா? உலகம் அழியப்போகுதாப்பா?"

"விளையாடாத. சீக்கிரம் குடு."

"வேண்டவே வேண்டாம்னு சொன்னீங்களே. இப்ப என்ன திடீர்னு..."

"குடுன்னா குடு!"

மகள் அரண்டுபோய் நம்பரைச் சொன்னாள். சார் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி. எடுக்கவில்லை. அவன் எப்படி எடுப்பான்? இன்றைக்கு அவன் போனில் வாழ்த்துச் சொல்ல ஊரே வரிசையில் நிற்கும். அதில் இது யாரோ முன்பின் தெரியாத நம்பர்.

செய்தி தட்டினார். 'மூணாம் பக்கத்தில் மொத்தம் தப்பு. 1746 தான் சரி. உடனே அமைச்சரிடம் சொல்லவும்.' கீழே தன் பெயரைப் போட விரல் வரவில்லை. அவனிடம் போய் நான் இன்னார் என்று சொல்வதா? அப்படியே அனுப்பினார். செய்திக்குக் கீழே இரண்டு டிக் விழுந்தது. அவன் படித்தால் அது நீலமாகும். நீலமாகவில்லை. பதினொரு மணிவரை போனை முறைத்துக்கொண்டே நின்றார். நீலமாகவே இல்லை.

"சார், வாங்க, ஆரம்பிச்சாச்சு!" என்று மேலேயிருந்து பி.டி. மாஸ்டர் கத்தினார்.

ஹாலில் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சாரை முன்வரிசை நாற்காலியில் பிடித்து உட்காரவைத்தார்கள். டிவியில் டீச்சர் தெரிந்ததும் விசில் பறந்தது. அதே புடவை. அதே கண்ணாடி. கையில் தாள்கள்.

"எனக்கு இவங்க கிளாஸ்தான் சார் ஞாபகம் வருது" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அறிவியல் டீச்சர் பேச ஆரம்பித்தாள். "வெள்ளிக்கிழமை ஆனா போர்டுல வேணும்னே ஒரு கணக்கைத் தப்பாப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கையைக் கட்டிட்டு நிப்பாங்க. பிள்ளைங்க தூங்குதா முழிச்சிருக்கான்னு பார்ப்பாங்களாம். இல்ல சார்?"

"உம்" என்றார் சார். என்ன சொன்னாள் என்றே அவர் காதில் விழவில்லை. மடியில் போன். நீலமாகவில்லை.

கால்குலேட்டர் வக்கீல் எழுந்து கேள்வி கேட்டார். 'மாண்புமிகு அமைச்சர், கணக்குப் பாடம் நடத்தியவர் என்பதால் சரியான எண்ணிக்கையை எதிர்பார்க்கிறேன்' என்று ஒரு குத்தும் வைத்தார். சபையில் சிரிப்பு. டீச்சர் எழுந்தாள். முதல் பக்கம் படித்தாள். இரண்டாம் பக்கம் படித்தாள். சார் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். கடவுளே, இவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டார்.

"மலைப்பகுதியில் அறுநூற்றுப் பன்னிரண்டு. கடலோரத்தில் ஐந்நூற்று நாற்பது. சமவெளியில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு."

வக்கீலின் விரல் கால்குலேட்டரைத் தட்டுவதைக் கேமரா காட்டியது.

"ஆக மொத்தம்..." டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு பள்ளிகள். வேண்டுமானால் உறுப்பினர் மறுபடியும் தட்டிப் பார்க்கலாம். வகுப்பில் நாங்கள் இரண்டு தடவை சரிபார்ப்போம்."

சபை அதிர்ந்தது. வக்கீல் அசடு வழிய உட்கார்ந்தார். ஹாலில் பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தின. பி.டி. மாஸ்டர் சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தப்பித்தாள். நானும் தப்பித்தேன்.

அந்த நிம்மதி ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்தான் நின்றது.

போனைப் பார்த்தார். இன்னும் நீலமாகவில்லை. அப்படியென்றால் இவர் அனுப்பியதை அவன் பார்க்கவே இல்லை. அப்புறம் எப்படி எண் சரியாயிற்று? வேறு யார்? அவன்தான். காரில் போகும்போது அந்தத் தாளை வாங்கிப் பார்த்திருப்பான். 'மேடம், இங்க ஒரு சின்னத் தப்பு' என்று பல்லைக் காட்டியிருப்பான். அவளும் 'அட, ஆமா! எங்க வீட்டுக்காரரே கவனிக்கலை பாரு' என்று சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டு வருஷம் அவர் செய்த வேலையை ஒரே காலையில் அவன் பறித்துக்கொண்டான். சாரே தூக்கிக் கொடுத்ததுதான் அது என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் சொல்லவில்லை. மத்தியானம் முழுக்க யார் கைகுலுக்கினாலும் உம்மென்றே இருந்தார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தாள். மகள் வாசலிலேயே பாய்ந்து கட்டிக்கொண்டாள். "அம்மா, அந்த வக்கீல் முகத்துல ஈயாடலை!" என்று குதித்துவிட்டு டீ போட உள்ளே ஓடினாள். டீச்சர் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சாருக்கு எதிரே உட்கார்ந்தாள். நாள் முழுக்க ஜெயித்தவளின் முகமாக அது இல்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பிரமாதம். நல்ல கெட்டிக்கார ஆளைத்தான் கூட வச்சிருக்க."

"யாரைச் சொல்றீங்க?"

'மூணாம் பக்கத்தைத் திருத்தினானே, அவனைத்தான்' என்பது சாரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால், மூன்றாம் பக்கத்தில் தப்பு இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே! விழுங்கினார். "சும்மா, பொதுவாச் சொன்னேன்" என்றார்.

டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். கையால் எழுதிய மூன்றாம் பக்கம். 1,846 அப்படியே இருந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பக்கத்தில் கடைசிப் பக்கத்தையும் வைத்தாள். டிக். 10/10.

"இதை நான் சபைக்குள்ள கொண்டு போகவே இல்லை. சரியான காப்பி வேற. அதுல எல்லாப் பக்கமும் டைப் அடிச்சதுதான்."

சாருக்குப் புரியவில்லை.

"இது நான் வேணும்னே போட்ட தப்பு. போர்டுல போடுவேனே, வெள்ளிக்கிழமை, அந்த மாதிரி."

சாரின் கண் அந்த 10/10 மேல் போய் நின்றது.

"மூணு மாசமா என் பேப்பர்ல ஒரு வட்டம் இல்லை. ஒரு கமாவைக்கூடத் திருத்தலை. டிக், ஒன்பது. டிக், ஒன்பது. இவர் படிக்கிறதே இல்லையோன்னு சந்தேகம் வந்துடுச்சு. ஆனா இந்த நோட்டுங்களை எடுத்தா மட்டும் வரிவரியாப் பாக்கறீங்க." நோட்டுக் குவியலை விரலால் தள்ளினாள். "சிரிக்காதீங்க. இதுங்க மேல எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? நான் ஒன்பதாம் கிளாஸ்ல இருந்திருக்கலாம்னு தோணும்."

சார் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பேட்டி உங்களைச் சுட்டிருக்கும், தெரியும். நான் சொன்னது பாதிதான் வந்திருக்கு. 'யாரும் எழுதித் தர்றதில்லை, ஆனா எழுதுனதைத் திருத்தித் தர ஒருத்தர் இருக்கார், அவர் போட்ட வட்டத்துலதான் நான் வளர்ந்தேன்'னு சொன்னேன். போட்டோவுல உங்களை வெட்டின மாதிரி அதையும் வெட்டிட்டாங்க. இதைக் காலையிலேயே சொல்லியிருக்கணும். நீங்க 'அமைச்சரம்மா'ன்னதும் எனக்கு வீம்பு வந்துடுச்சு."

சார் வாயைத் திறந்தார். இந்தத் தடவையும் காற்றுதான் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லுங்க." டீச்சர் குரல் தணிந்தது. "படிக்காம டிக் போட்டீங்களா? இல்ல, படிச்சுட்டு டிக் போட்டீங்களா?"

படித்தேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, ஏழு தடவை போன் போட்டதையும், பிடிக்காதவனுக்கே செய்தி அனுப்பினதையும் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்ல, முதலில் அந்தப் பேனா வட்டத்திலிருந்து நகர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். சார் மனைவியின் கண்ணைப் பார்த்தார்.

"அவசரத்துல... படிக்கலை" என்றார்.

டீச்சர் பெருமூச்சு விட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாடா" என்றாள். "பத்து போட்டிருந்ததைப் பாத்ததுலேருந்து உயிரே இல்லை. பொறாமையில தெரிஞ்சே விட்டுட்டாரோன்னு நாள் பூரா வயித்துல நெருப்பு. சபையில எழுந்து நிக்கும்போதுகூட அந்த வக்கீலை நினைக்கலை, உங்களைத்தான் நினைச்சேன். படிக்கலைன்னா பரவாயில்லை. அதுக்குச் சண்டை போட்டுக்கலாம். என்ன சார்?"

வருஷக்கணக்குக்குப் பிறகு அவரைப் பழையபடி 'சார்' என்று கூப்பிட்டு அவர் கைமேல் கைவைத்தாள்.

சமையலறையிலிருந்து மகள் ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாக வந்தாள்.

"அப்பா, பென்டிரைவ் அண்ணன் லைன்ல இருக்கார். வந்த மெசேஜையெல்லாம் இப்பதான் பாக்கறாராம். காலையில பத்தரைக்கு ஒரு தெரியாத நம்பர்லேருந்து வந்திருக்காம், பேப்பரைப் பத்தி இருக்கறதால நம்ம வீட்டு நம்பரான்னு கேக்கறார். நம்பரைச் சொன்னார், உங்களதுதான்." போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே சொன்னாள். "'மூணாம் பக்கத்தில் மொத்தம் தப்பு, 1746 தான் சரி'ன்னு போட்டிருக்கீங்களாம். அவங்க காப்பியில தப்பே இல்லையே, சார் எந்தப் பேப்பரைப் பாத்துச் சொன்னார்னு கேக்கறார்பா. என்ன சொல்லட்டும்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், டீயை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

டீச்சர் தன் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். எழுந்து வந்து, சாரின் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவி, மூடியைக் கழற்றி, அந்த 10/10க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மார்க்கைத் திருத்துங்க" என்றாள். "எனக்கு இல்லை. உங்களுக்கு."